ட்யூப் போட்டவருக்கு நினைவு இருக்கிறதா? ஐசியூ வாசலில் சொல்லப்படும் எண்ணின் பொருள்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி மோதி ஒருவர் அடிபட்டால், மறுநாள் செய்தித்தாளில் வரும் வரி ஏறக்குறைய மாறாது: 'சுயநினைவின்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டுள்ளார்.' ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பத்துக்கோ தகவல் வேறு மொழியில் வருகிறது. 'ஜிசிஎஸ் 7 டி.' 'சேடேஷன்ல இருக்கார்.' 'பெயினுக்கு லோக்கலைஸ் பண்றார்.' உறவினர்களின் வாட்ஸாப் குழுவுக்குள் போனதும் இது முதல் நாள் 'கோமா' ஆகிறது. இரண்டாம் நாள் 'மூளைச்சாவு' ஆகிறது. மூன்றாம் நாள், 'செத்தவரை மெஷினில் வைத்துக் காசு பிடுங்குகிறார்கள்' என்று முடிகிறது.

மயக்க மருந்தில் இருப்பது, கோமா, மூளைச்சாவு மூன்றும் வேறு வேறு நிலைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றை எப்படிப் பிரிக்கிறார்கள், தொண்டையில் குழாய் இருப்பவரிடம் அந்தச் சோதனை ஏன் சிக்கலாகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். விளக்கத்துக்கு ஒரு கற்பனை நோயாளியை வைத்துக்கொள்வோம்: தண்டையார்பேட்டையில் லோடு இறக்கும்போது லாரி மேலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட 45 வயதுக்காரர். வந்தபோது ஜிசிஎஸ், அதாவது நினைவை அளக்கும் எண், 9. ட்யூப் போட்ட பிறகு 7 டி. 'ரெண்டு பாயின்ட் இறங்கிடுச்சு' என்று குடும்பம் உடைந்துபோகிறது. உண்மையில் இறங்கியதா?

நினைவு என்பது இரண்டு விஷயம்

'நினைவு இருக்கிறதா' என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். மருத்துவர் அதை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கிறார்.

1. விழிப்பு. கண் திறப்பது, தூங்கி எழுவது. இதை நடத்துவது மூளைத்தண்டின் மேற்பகுதியில் உள்ள நரம்பு வலை. 1949இல் மொருஸியும் மேகூனும் பூனைகளின் மூளைத்தண்டில் அந்த இடத்தைத் தூண்டியபோது, தூக்க அலைகள் மறைந்து விழிப்பு அலைகள் தோன்றுவதைக் கண்டார்கள். மூளையை எழுப்பும் ஏற்பாடு ஒன்று தனியாக இருக்கிறது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

2. உணர்வு. நான் யார், எதிரில் நிற்பது யார், என்ன சொல்கிறார் என்று அறிவது. இது மூளையின் மேலடுக்கும் அதோடு பிணைந்த உட்பகுதிகளும் சேர்ந்து செய்யும் வேலை.

அத்திப்பட்டிலிருந்து கரண்ட் வந்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்பது ஒரு கேள்வி, உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது இன்னொரு கேள்வி. கோமாவில் விளக்கே எரிவதில்லை. சில நிலைகளில் விளக்கு எரியும், உள்ளிருந்து பதில் வராது. ஆள் உள்ளே இருந்தும் கதவு வெளியே பூட்டப்பட்டிருப்பதும் உண்டு.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு விதி முக்கியம். நினைவு போகவேண்டுமென்றால், மூளைத்தண்டு பாதிக்கப்பட்டிருக்கவேண்டும், அல்லது மூளையின் இரண்டு பக்கமும் ஒருசேரப் பாதிக்கப்பட்டிருக்கவேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் சிறிய பக்கவாதம் வந்தவர் ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்தால், அந்தப் பக்கவாதத்தை மட்டும் குற்றம்சொல்லி நகர்ந்துவிடக்கூடாது. வீக்கம் மறுபக்கத்தை நெருக்குகிறதா, சர்க்கரை இறங்கிவிட்டதா, வெளியே தெரியாத வலிப்பு ஓடுகிறதா என்று தேடவேண்டும்.

கிளாஸ்கோ அளவு: மூன்று கேள்விகள்

ஜிசிஎஸ் என்பது கிளாஸ்கோ கோமா ஸ்கேல். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இரு நரம்பு அறுவை மருத்துவர்கள் 1974இல் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு 'அரை மயக்கம்', 'ஆழ்ந்த மயக்கம்' என்று ஆளுக்கொரு சொல்லில் எழுதிக்கொண்டிருந்தார்கள். காலை ஷிஃப்ட் டாக்டரின் அரை மயக்கம் இரவு ஷிஃப்ட் டாக்டருக்கு முழு மயக்கமாக இருந்தது. இரண்டு ஷிஃப்ட்டும் ஒரே மொழியில் பேசவேண்டும் என்பதற்காகப் பிறந்த அளவுகோல் இது. மேதாவித்தனமான கருவி எதுவும் தேவையில்லை, கண்ணும் காதும் கையும் போதும்.

கேள்விகள் மூன்று.

1. கண் எப்போது திறக்கிறது? தானாகவே என்றால் 4. கூப்பிட்டால் 3. அழுத்தினால் 2. எதற்கும் இல்லை என்றால் 1. தாளில் இது 'ஈ'.

2. என்ன பேசுகிறார்? இடம், நாள், ஆள் சரியாகச் சொன்னால் 5. குழப்பமாகப் பேசினால் 4. தொடர்பில்லாத சொற்கள் 3. வெறும் முனகல் 2. ஒன்றுமில்லை 1. இது 'வி'.

3. உடம்பு எப்படி அசைகிறது? சொன்னதைச் செய்தால் 6. அழுத்தும் இடத்தைத் தேடிக் கை வந்து தட்டிவிட்டால் 5. வெறுமனே கையை இழுத்துக்கொண்டால் 4. முழங்கை இயல்பற்ற விதத்தில் மடங்கினால் 3. கை விறைத்து நீண்டால் 2. அசைவே இல்லை என்றால் 1. இது 'எம்'. இரு பக்கமும் வேறுபட்டால், நன்றாக இருக்கும் பக்கம்தான் கணக்கு.

'லோக்கலைஸ் பண்றார்' என்று வாசலில் சொல்வது எம்5ஐத்தான். புருவத்துக்கு மேல் எலும்பு விளிம்பில் அழுத்தும்போதோ, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசையைக் கிள்ளும்போதோ அவர் கை கழுத்தெலும்பைத் தாண்டி மேலே வந்து அந்த இடத்தை நாடவேண்டும். வலி எங்கே என்று மூளை கண்டுபிடித்து, கையை அங்கே அனுப்பியிருக்கிறது என்று பொருள். கேட்கக் கொடூரமாக இருந்தாலும், நல்ல செய்தி.

சிலர் நோயாளியின் நெஞ்சில் கன்றிய தடத்தைப் பார்த்துவிட்டு 'உள்ளே வைத்து அடிக்கிறார்கள்' என்று கொதிப்பதுண்டு. நெஞ்செலும்பை விரல்முட்டியால் தேய்த்துச் சோதிக்கும் பழைய பழக்கத்தின் தடம் அது. 2014இல் திருத்தி வெளியிடப்பட்ட கிளாஸ்கோ வழிகாட்டுதல் அதைத் தவிர்க்கவே சொல்கிறது. விரல்நுனியிலும் கழுத்துத் தசையிலும் புருவ விளிம்பிலும் அழுத்தினால் போதும். 'வலி' என்ற சொல்லையே நீக்கி 'அழுத்தம்' என்று மாற்றியதும் அந்தத் திருத்தம்தான்.

எம்6 கொடுப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 'கையைப் பிடிச்சேன், அவரும் கெட்டியாப் பிடிச்சாரு' என்று மனைவி அழுதுகொண்டே சொல்வார். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தாலும் அது பிடித்துக்கொள்ளும். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் அந்தப் பழைய அனிச்சை திரும்ப வந்துவிடும். அதனால் 'பிடி' என்று சொல்வதோடு சோதனை முடியாது. 'விடு' என்று சொல்லவேண்டும், விடுகிறாரா என்று பார்க்கவேண்டும். 'ரெண்டு விரல் காட்டுங்க', 'நாக்கை நீட்டுங்க' என்று கேட்பது இன்னும் நல்லது. அனிச்சையாக யாரும் இரண்டு விரலைக் காட்டுவதில்லை.

கூட்டுத்தொகை ஏன் ஏமாற்றும்

மூன்றையும் கூட்டினால் அதிகபட்சம் 15. தலைக்காயத்தில் 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8ம் அதற்குக் கீழும் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். 8க்கு இறங்கினால் மூச்சுப்பாதையைக் காப்பாற்ற ட்யூப் போடுவதை யோசிப்பார்கள். தன் எச்சிலையோ வாந்தியையோ நுரையீரலுக்குள் போகாமல் தடுக்கும் திறன் அந்த ஆழத்தில் நம்பமுடியாததாகிவிடும்.

குறைந்தபட்சம் எவ்வளவு? பூஜ்யம் அல்ல, 3. ஒவ்வொரு கேள்விக்கும் குறைந்தது 1 உண்டு. 'பதினஞ்சுக்கு மூணு இருக்குன்னாங்க, இருபது சதவீதம் இருக்கே' என்று பரீட்சை மார்க்காக வாசித்தால் தவறு. 3 என்றால் எதற்கும் பதிலில்லை என்று பொருள்.

அதைவிட முக்கியம், ஒரே கூட்டுத்தொகைக்குள் வெவ்வேறு நோயாளிகள் ஒளிந்திருப்பது. ஈ1 வி1 எம்5 கூட்டினால் 7. ஈ4 வி1 எம்2 கூட்டினாலும் 7. முதலாமவர் கண் திறக்கவில்லை, ஆனால் வலியைத் தேடிக் கை வருகிறது. இரண்டாமவர் கண்ணை விழித்துப் பார்ப்பதுபோல் இருக்கிறார், ஆனால் கை விறைத்து நீள்கிறது. வீட்டார் பார்வையில் இரண்டாமவர் தேவலை. மருத்துவர் பார்வையில் முதலாமவரே மேல். கூட்டுத்தொகையை மட்டும் சொல்லிவிட்டுப் போகும் மருத்துவர் பாதித் தகவலைத்தான் தருகிறார் என்பது என் கருத்து. அளவை உருவாக்கியவர்களும் ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்றையும் தனித்தனியாகச் சொல்வதையே வலியுறுத்தினார்கள்.

ட்யூப் பறிப்பது குரலை

வென்டிலேட்டர் குழாய் வாய் வழியாகப் போய், குரல்நாண்களின் நடுவே நுழைந்து, மூச்சுக்குழலில் நிற்கிறது. குழாயின் நுனியருகே ஒரு சிறு பலூன் ஊதப்பட்டிருக்கும். காற்று குழாய் வழியாகவே போய்வருகிறது, குரல்நாண்களைத் தொடுவதில்லை. அதனால் முழு நினைவோடு இருக்கும் ஒருவருக்கும் ஒரு சொல்கூட வராது. பேச்சு வராததை வைத்து நினைவை அளக்க முடியாது.

அப்படியானால் 'வி'க்கு என்ன எழுதுவது? நடைமுறையில் மூன்று வழக்கங்கள் உண்டு.

1. எண் போடாமல், சோதிக்க முடியவில்லை என்று மட்டும் குறிப்பது. 2014 வழிகாட்டுதல் சொல்வது இதுதான். அப்படியானால் கூட்டுத்தொகையும் போடக்கூடாது.

2. 'வி'யை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கூட்டி, பக்கத்தில் ட்யூப் என்பதைக் குறிக்க 'டி' என்று எழுதுவது. இதில் அதிகபட்சமே 10 டி.

3. 'வி'க்கு 1 கொடுத்து 'டி' சேர்ப்பது. இதில் அதிகபட்சம் 11 டி.

இப்போது நம் தண்டையார்பேட்டைக்காரரிடம் திரும்பலாம். வந்தபோது அழுத்தினால் கண் திறந்தார், முனகினார், வலியைத் தேடிக் கை வந்தது: ஈ2 வி2 எம்5, கூட்டினால் 9. ட்யூப் போட்ட பின்னும் அழுத்தினால் கண் திறக்கிறார், கை வருகிறது. முனக வழியில்லை. ஈ2 எம்5, கூட்டினால் 7 டி. மூன்றாவது வழக்கத்தில் எழுதும் வேறு டாக்டர் ட்யூட்டிக்கு வந்தால் அதே ஆள் 8 டி. இரண்டு நாளில் 9, 7, 8. அவர் மூளையில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. வாசலில் ஒரு நாள் அழுகை, ஒரு நாள் ஆறுதல், இரண்டுக்கும் காரணம் பேனா.

கண்ணுக்கும் இதே தொல்லை உண்டு. முகத்தில் அடிபட்டு இமை வீங்கி ஒட்டிக்கொண்டவரிடம் 'கண் திறக்கவில்லை' என்று 1 போட்டால் அது மூளையின் மதிப்பெண் அல்ல, இமையின் மதிப்பெண்.

சோதிக்கும் முன் விலக்கவேண்டியவை

பதில் வரவில்லை என்றால், மூளை பதில் சொல்லவில்லையா அல்லது வேறேதாவது பதிலை மறைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மறைக்கும் பட்டியல் நீளமானது. அதிகம் தடுமாற வைப்பவை இவை:

1. மயக்க மருந்து. மிடசோலாம், ஃபென்டனில், ப்ரோபோஃபால் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஜிசிஎஸ் மருந்தின் ஆழத்தையும் சேர்த்தே காட்டும். அதற்குத் தனி அளவு உண்டு: ராஸ். பூஜ்யம் என்றால் அமைதியான விழிப்பு. மைனஸ் 5 என்றால் தொட்டாலும் அசைவில்லை. பிளஸ் 4 என்றால் அடங்காத ஆவேசம். எந்த ஆழத்தில் வைக்கவேண்டும் என்பதை முடிவு செய்து மருந்தை ஏற்றி இறக்குவார்கள். பாதுகாப்பாகச் செய்யக்கூடிய நோயாளிகளுக்குத் தினமும் சற்று நேரம் மருந்தை நிறுத்தி நினைவைப் பார்ப்பதும் உண்டு. மூளைக்குள் அழுத்தம் கூடியிருப்பவருக்கு அது ஆபத்து, அங்கே காத்திருக்கத்தான் வேண்டும். சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டிருந்தால் மருந்தை நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் அதன் பிடி நீடிக்கலாம்.

2. தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. வெக்குரோனியம், அட்ராகுரியம் போன்றவை தசையை மட்டும் கட்டிப்போடும், மூளையைத் தொடாது. முழு விழிப்பில் இருப்பவருக்கும் இந்த மருந்து மட்டும் போனால் ஜிசிஎஸ் 3தான். அதனால்தான் கூடவே மயக்க மருந்து கட்டாயம்.

3. பாம்பு. பொன்னேரி, மீஞ்சூர் வயல்வெளிப் பக்கமிருந்து வரும் கட்டுவிரியன் கடி இதில் தனி இடம் பிடிக்கிறது. தரையில் படுத்தவரை இரவில் கடிக்கும், கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது. விஷம் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான இணைப்பை அறுக்கிறது. இமை விழும், மூச்சு நிற்கும், கண்ணின் பாவைகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகலாம். பார்த்தால் மூளைச்சாவு போலவே இருக்கும். உள்ளே ஆள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்! வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்.

4. உடம்பின் ரசாயனம். சர்க்கரை, சோடியம், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, உடல் வெப்பம். சர்க்கரைதான் முதலில், விரலில் ஒரு குத்து போதும்.

5. வெளியே தெரியாத வலிப்பு. கை கால் துடிக்காது, மூளைக்குள் மட்டும் ஓடும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எடுக்காமல் பிடிபடாது.

6. காதும் மொழியும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத காரணம் இது, வடசென்னையில் மிகவும் பொருந்துவதும் இதுவே. மணலி ஆலைகளிலும் துறைமுகத்தைச் சுற்றிய கிடங்குகளிலும் ஒடிசா, பீகார், வங்கத் தொழிலாளர்கள் ஏராளம். தமிழில் 'கண்ணைத் தொறங்க, விரலைக் காட்டுங்க' என்று சொல்லிப் பதிலில்லை என்று எழுதினால் யாருடைய குறை? சவுகார்பேட்டைப் பாட்டிக்கு இந்தி வேண்டும். பட்டறைச் சத்தத்தில் முப்பது வருடம் வேலைசெய்து காது மந்தமானவருக்குக் காதருகே குனிந்து உரக்கச் சொல்லவேண்டும். மூளையின் இடப்பக்கம் அடிபட்டவருக்குக் காது கேட்டும் பொருள் விளங்காமல் போகலாம். அவரிடம் செய்து காட்டிக் கேட்கவேண்டும்.

குழாய் போட்டவருக்கென்று வந்த அளவு

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த விக்டிக்ஸ் குழுவினர் 2005இல் 'ஃபோர்' என்ற அளவை வெளியிட்டார்கள். இதில் பேச்சே இல்லை. கண், அசைவு, மூளைத்தண்டு அனிச்சைகள், மூச்சு என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 16.

கண்ணில் முழு மதிப்பெண் வாங்க இமை திறந்திருந்தால் போதாது. விரலைக் கண்ணால் பின்தொடரவேண்டும், அல்லது சொன்னால் இமைக்கவேண்டும். இமை மூடியிருந்தால் சோதிப்பவரே திறந்து பார்ப்பார். அசைவில், கட்டைவிரலை உயர்த்து, முஷ்டி பிடி, வெற்றிச் சின்னம்போல் இரு விரல் காட்டு என்று கேட்பார்கள். மூளைத்தண்டுக்கு, பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, விழியைத் தொட்டால் இமைக்கிறாரா, குழாய்க்குள் சளி உறிஞ்சும்போது இருமுகிறாரா என்று பார்ப்பார்கள். மூச்சில், வென்டிலேட்டர் தரும் எண்ணிக்கைக்கு மேல் தானாக மூச்சு இழுக்கிறாரா என்பதே கேள்வி. நர்ஸ் திரையில் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஜிசிஎஸ் 3 என்ற ஒரே பெட்டியில் கிடக்கும் பலரை இது பிரித்துக் காட்டுகிறது. இருமுகிறவரும், பாவை சுருங்குகிறவரும், மூச்சு இழுக்க முயல்கிறவரும், இவை எதுவுமே இல்லாதவரும் கிளாஸ்கோவில் ஒன்றுதான். ஃபோரில் வேறு வேறு.

பூட்டிய கதவு என்று முன்னே சொன்ன நிலையும் இதில் அகப்படும். மூளைத்தண்டின் நடுப்பகுதியில், முன்பக்கம் மட்டும் ரத்த ஓட்டம் தடைப்பட்டால் கை, கால், முகம், நாக்கு எல்லாம் செயலிழக்கும். விழிப்பும் அறிவும் அப்படியே இருக்கும். மிஞ்சுவது இமைப்பதும், கண்ணை மேலும் கீழும் நகர்த்துவதும். 'மேலே பாருங்க, கீழே பாருங்க' என்று யாராவது கேட்கும்வரை அவரைக் கோமா என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் தலைமாட்டில் நின்று செலவுக் கணக்கு பேசுவார்கள். கேட்க அதிக நேரம் ஆகாத கேள்வி அது.

கண் திறந்த பிறகு

கோமா பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் இறப்பு நேரலாம், தெளியலாம், அல்லது கண் மட்டும் திறக்கலாம். ஆண்டுக்கணக்கில் 'கோமாவில் இருக்கிறார்' என்று செய்தியில் வருபவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வகை. ஜென்னெட்டும் பிளமும் 1972இல் இதற்கு வைத்த ஆங்கிலப் பெயரின் தமிழாக்கம் 'தாவர நிலை'. கேட்டவுடன் முகம் சுளிக்கவைக்கும் பெயர். 2010இல் வேறொரு குழு 'பதிலற்ற விழிப்பு' என்று மாற்றச் சொன்னது, அதுவே நாகரிகம்.

இதில் தூக்கமும் விழிப்பும் மாறிமாறி வரும். கொட்டாவி, பல் நறநறப்பு, முனகல், கண்ணீர், சிரிப்பு போன்ற முகச்சுளிப்பு எல்லாம் வரலாம். எல்லாமே அனிச்சையாகவும் இருக்கலாம். இதற்கு ஒரு படி மேல் 'குறைந்தபட்ச நினைவு நிலை'. 2002இல் வரையறுக்கப்பட்டது. இங்கே அறிவின் அடையாளம் உண்டு, ஆனால் விட்டுவிட்டு வரும். காலையில் விரலை அசைத்தவர் மாலையில் கல்லாகக் கிடப்பார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் ஐந்து நிமிடம் மாலையாக இருந்தால் கேஸ் ஷீட்டில் 'பதிலில்லை' என்றே ஏறும்.

எத்தனை பேர் இப்படித் தவறுகிறார்கள்? பெல்ஜியத்தில் 2009இல் வெளிவந்த ஆய்வில், மருத்துவக் குழு ஒருமனதாகத் தாவர நிலை என்று முடிவு செய்த 44 பேரை முறையான அளவுகோலால் மறுபடி சோதித்தார்கள். அவர்களில் 18 பேரிடம் நினைவின் அடையாளம் இருந்தது. பயன்படுத்திய அளவு சிஆர்எஸ்-ஆர்: கேட்டல், பார்வை, அசைவு, வாய், தகவல் பரிமாற்றம், விழிப்பு என்று ஆறு பிரிவு, 23 மதிப்பெண். ஒரு தடவை செய்தால் போதாது, இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது செய்தால்தான் நம்பலாம்.

அதில் ஒரு சோதனைக்கு வேண்டியது முகம் பார்க்கும் கண்ணாடி. கையடக்கக் கண்ணாடியை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல இடமும் வலமும், மேலும் கீழும் நகர்த்துகிறார்கள். தன் முகத்தைக் கண் தொடர்கிறதா என்று பார்க்கிறார்கள். பேனாவையோ டாக்டரின் விரலையோ தொடராத கண் தன் முகத்தைத் தொடர்வதுண்டு. மின்ட் தெருவில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள்.

இயந்திரங்கள் இன்னும் தூரம் போயிருக்கின்றன. ஏட்ரியன் ஓவன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், தாவர நிலை என்று கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணை ஸ்கேனுக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகவும் தன் வீட்டு அறைகளில் நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமாக உள்ளவர்களின் மூளையில் ஒளிரும் அதே இடங்கள் அவருக்கும் ஒளிர்ந்தன. 2024இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் பதில் தராத 241 பேரில் 60 பேர், அதாவது நான்கில் ஒருவர், ஸ்கேனிலோ இஇஜியிலோ கட்டளையைப் பின்பற்றினார்கள். இந்தச் சோதனை நம் ஊர் வார்டுகளில் நாளையே கிடைத்துவிடாது. நோயாளி அருகே என்ன பேசுகிறோம் என்பதை மாற்றிக்கொள்ள ஸ்கேன் தேவையில்லை.

கைவிரிக்கும் அவசரமும் குறைந்திருக்கிறது. இதயம் நின்று மீண்டவர்களுக்கு 72 மணி நேரமாவது கழியாமல் பிழைப்பாரா, தெளிவாரா என்று முடிவு சொல்லக்கூடாது என்பது வழக்கம். மூளைக்காயத்தில் முதல் 28 நாளுக்குள் 'இனி மீளவே மாட்டார்' என்று பொதுப்படையாகச் சொல்வதைத் தவிர்க்கச் சொல்கிறது 2018இன் அமெரிக்க வழிகாட்டுதல். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் வந்தது. உயிரைக் காக்க அந்த 48 மணி நேரம் பெரிது. நினைவு திரும்புமா என்று சொல்ல அது போதாது.

மூளைச்சாவு வேறு வகை

இது ஆழ்ந்த கோமா அல்ல, மரணம். மூளைத்தண்டு மீளமுடியாதபடி செயலிழந்த நிலை. ஜிசிஎஸ் 3 என்பதை மட்டும் வைத்து யாரும் இதை அறிவிக்க முடியாது. 1994இன் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வகுத்த வழி இது:

1. காரணம் தெரிந்திருக்கவேண்டும். மேலே பட்டியலிட்ட மருந்து, விஷம், குளிர்ச்சி, ரசாயனக் கோளாறு எல்லாம் விலக்கப்பட்டிருக்கவேண்டும்.

2. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சோதிக்கவேண்டும். உறுப்பு மாற்று அறுவைக் குழுவில் இருப்பவர் அதில் இடம்பெறக் கூடாது.

3. பாவை, விழி, இருமல் உள்ளிட்ட மூளைத்தண்டு அனிச்சைகள் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

4. வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதைப் பார்ப்பார்கள். அளவு 60க்கு ஏறியும் நெஞ்சு ஒருமுறைகூட எழவில்லை என்றால் மூச்சு மையம் இறந்துவிட்டது.

5. குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து முழுச் சோதனையும் இரண்டாம் முறை.

நெஞ்சு ஏறி இறங்குவது மெஷினால். இதயம் துடிப்பது அதற்கென்றே உள்ள மின் மையத்தால், அதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை. சிலசமயம் கால்விரலோ கையோ அசையும். அது தண்டுவடத்தின் அனிச்சை, மூளைக்கு அதில் பங்கில்லை. இதைப் பார்த்த குடும்பம் 'உயிர் இருக்கு' என்று நம்புவது இயல்பு. முன்கூட்டியே சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை, பலர் சொல்வதில்லை. உறுப்பு தானம் பற்றிய பேச்சு இரண்டாம் சோதனைக்குப் பின்பே வரவேண்டும். தமிழ்நாட்டில் அதை ஒருங்கிணைப்பது 'டிரான்ஸ்டான்' என்ற அரசு ஆணையம்.

வாசலில் கேட்கவேண்டியது

பார்வையாளர் நேரம் சில நிமிடம்தான் கிடைக்கும். 'எப்படி இருக்கார் சார்' என்று கேட்டால் 'அப்படியேதான் இருக்கார்' என்ற பதில்தான் வரும். அதைவிடப் பலன் தரும் கேள்விகள் உண்டு.

1. மொத்தம் எவ்வளவு என்று கேட்காமல், 'கண் எவ்வளவு, அசைவு எவ்வளவு?' என்று கேளுங்கள். நேற்றைய அதே இரண்டோடு ஒப்பிடுங்கள். ட்யூப் போட்டவரிடம் அதிகம் சொல்லக்கூடியது 'எம்'.

2. 'இந்த எண் மயக்க மருந்து ஓடும்போது எடுத்ததா, நிறுத்திய பிறகா? நிறுத்தி எத்தனை மணி நேரம்?'

3. 'கண்ணை மேலே கீழே அசைக்கச் சொல்லிப் பார்த்தீர்களா?' கேட்கத் தயங்கவேண்டாம், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. நீங்கள் பார்த்த அசைவை 'அசைஞ்சார்' என்று பொதுவாகச் சொல்லாமல், எத்தனை மணிக்கு, நீங்கள் என்ன சொன்னபோது, எந்தக் கை, திரும்பச் சொன்னபோது திரும்ப வந்ததா என்று சொல்லுங்கள். முடிந்தால் நர்ஸை அழைத்து அவர் முன்னால் ஒருமுறை செய்துகாட்டுங்கள்.

குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த சில தகவல்களை அவர்கள்தான் கொடுக்கவேண்டும்: எந்தக் காதில் மந்தம், கண்ணாடி போடுபவரா, பழைய பக்கவாதத்தில் எந்தக் கை பலவீனம், வீட்டில் எந்த மொழி. பெயரும் அதில் சேரும். சொந்தப் பெயரைக் கேட்டால் மற்ற ஓசைகளுக்குத் திரும்பாதவரும் திரும்புவதுண்டு. கேஸ் ஷீட்டில் ஏறியிருப்பது ஆதாரில் உள்ள பெயர், காசிமேட்டில் அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கூப்பிடும் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டச் சொல்லி நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.